வழிப்பங்கு

மூன்று மாதம் என்று தம்பிதான் கெடு வைத்தான். அதற்குள் மதிய வேளையில் ஆறு மேசைகளும் நிறைந்தால் பழைய கடை கடையாகவே இருக்கும். நிறையாவிட்டால் மேசைகளை எடுத்துவிட்டு, விருந்துகளுக்கு அனுப்பும் நாற்காலிகளை அங்கே அடுக்கிவிடுவான். நாற்காலிகளுக்கு இடம் போதவில்லை என்று ஒரு வருடமாகவே சொல்லிக்கொண்டிருந்தான்.

அவன் இதைச் சொன்னது பெரிய சமையற்கூடத்தின் கண்ணாடி அறையில். அக்காவுக்கென்று கட்டிய அறை. அவள் அதில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அன்றும் ஈரக் கையைத் துடைத்தபடி வாசற்படியில்தான் நின்றாள்.

"இங்க உனக்கு என்னக்கா குறைச்சல்?" என்றான்.

"குறைச்சல்னு யாரு சொன்னா?"

"நாப்பது பேர் உன் கண்ணசைவுக்கு நிக்கிறாங்க. ஏசி ரூம் போட்டுக் குடுத்திருக்கேன்."

"ஏசி ரூம்ல உக்காந்து எதைடா வேகவைக்கிறது? என்னையா?"

அவன் சிரித்தான். அந்தக் குடும்பத்தில் பேச்சு நின்றால் சட்டென்று தொடங்காது. வெளியே பாத்திரம் கழுவும் இடத்திலிருந்து தண்ணீர்ச் சத்தம் வந்துகொண்டிருந்தது. கடைசியில் அவள்தான் சொன்னாள். "நாம ஆக்கின சோறை ஒரு ஆள் சாப்பிடுறதப் பாத்து பதினோரு வருஷம் ஆச்சுடா."

தம்பிக்கு அது ஒரு காரணமாகவே படவில்லை. ஆனாலும் பழைய கடையின் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தான். அக்கா எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள். அந்தக் கடையில் மறுபடி தானே சமைக்க வேண்டும் என்று கேட்டது ஒன்றுதான்.

பதினெட்டு வருடங்களுக்கு முன்னால் அந்த ஆறு மேசைக் கடையை அவர்கள் இருவரும்தான் திறந்தார்கள். அவள் புருஷனைப் பறிகொடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. தம்பிக்கு வேலை எதுவும் ஒட்டவில்லை. அவள் சமைத்தாள், அவன் பரிமாறினான். அடுப்படிக்கும் மேசைகளுக்கும் நடுவே சுவரில் ஒரு சதுரத் திறப்பு. தட்டு அதன் வழியாகப் போகும், காலியாகி அதன் வழியாகத் திரும்பும். முதல் கவளம் உள்ளே போகும்போது ஒவ்வொருவர் முகத்திலும் ஏதோ ஒன்று தளரும். அவள் அதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த தட்டில் கை வைப்பாள்.

ஏழாம் வருடம் ஓர் அலுவலகத்திலிருந்து அறுபது பேருக்குச் சாப்பாடு கேட்டார்கள். கடைக்குச் செய்வது போலவே செய்து, பெரிய அடுக்குப் பாத்திரங்களில் மூடி, வாடகை வண்டியில் அனுப்பினாள். போய்ச் சேர முக்கால் மணி நேரம். மூடிய அடுக்குக்குள் சோறு தன் சூட்டிலேயே வெந்துகொண்டே போயிருக்கிறது. திறந்தபோது களி. காய்கள் நிறம் செத்துக் கிடந்தன. குழம்பு இறுகி அல்வா மாதிரி ஆகிவிட்டது என்று தம்பி வந்து சொன்னான். அவர்கள் மரியாதைக்காகச் சாப்பிட்டார்களாம்.

அடுத்த முறை சமையலை முடிக்காமலே அடுப்பை அணைத்தாள். அரிசியின் நடுவில் ஊசிமுனை அளவு கடினம் இருக்கும்போதே வடித்தாள். கறி எலும்பைவிட்டுக் கழலும் முன்பே இறக்கினாள். குழம்பை நீர்க்க விட்டாள். உப்பைக் கிழங்கு பிறகு இழுத்துக்கொள்ளும் என்று முன்னாலேயே தூக்கலாகப் போட்டாள். மீதிச் சமையலை வண்டி ஓடும் வழி பார்த்துக்கொள்ளும். அந்த மீதிக்கு அவள் வைத்த பெயர் வழிப்பங்கு. அரை மணி வழிக்கு இவ்வளவு, ஒரு மணிக்கு இவ்வளவு, இரண்டு மணிக்கு இவ்வளவு என்று கைக்கு அத்துப்படியானது. அதை எழுதிச் சுவரில் மாட்டினார்கள். புதிதாகச் சேருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் வேலை கற்றார்கள்.

கம்பெனி வளர்ந்தது அந்த வழிப்பங்கினால்தான். மற்றவர்களின் சாப்பாடு இடம் போய்ச் சேரும்போது களைத்துப் போயிருக்கும். இவர்களுடையது அப்போதுதான் பக்குவத்துக்கு வந்திருக்கும். ஒரு வண்டி மூன்றாகி, மூன்று ஒன்பதானது. ஊருக்கு வெளியே தகரக் கூரை போட்ட பெரிய கூடம், ஆளுயர அடுப்புகள், ஒவ்வோர் அடுக்கின் மூடியிலும் ஏற்றிய நேரம் எழுதிய சீட்டு. பிறகு நகரத்தில் இன்னும் இரண்டு உணவகங்கள். அவற்றுக்கும் இங்கிருந்துதான் அடுக்கு போனது. பழைய கடையில் சம்பளத்துக்கு ஆள் வைத்தார்கள். வந்தவர்கள் யாரும் நிலைக்கவில்லை, சாப்பிட வந்தவர்களும் தேய்ந்துபோனார்கள். "எங்கக்கா பாதிச் சமையலை அடுப்புல பண்ணுவா, மீதிய ரோட்டுல பண்ணுவா" என்று தம்பி விருந்துக்காரர்களிடம் பெருமையடிப்பான்.

ஏற்றும் நேரத்தில் அவள் ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு கரண்டி எடுத்து வாயில் போடுவாள். பக்கத்தில் நின்று தம்பியும் ஒரு வாய் பார்ப்பான். சரி என்று அவள் தலையாட்டினால் மூடி விழும். ருசி பார்த்ததிலேயே வயிறு நிறைந்துவிடுவதால் அவளுக்கு மதியச் சாப்பாடு என்று தனியாக ஒன்று கிடையாது. இரவில் வீட்டில் பேருக்கு இரண்டு வாய் கொறிப்பாள்.

"உங்கக்காவுக்கு நான் வடிக்கிற சோறு என்னைக்குமே குழைஞ்ச சோறுதான்" என்று தம்பி மனைவி அவள் காதுபடவே சொல்வாள். "பெரிய கை வச்சவங்க வீட்டுல வாழ்க்கைப்பட்டா இப்படித்தான்."

சோறு நிஜமாகவே குழைந்துதான் இருக்கும்.

பழைய கடைக்கு அவளோடு வந்த ஒரே ஆள் மீசை. அந்தக் கடையில் தம்பிக்குத் துணையாக முதலில் பரிமாற வந்தவர். அப்போது மீசை இருந்தது. நரைத்ததும் மழித்துவிட்டார், பெயர் மட்டும் நின்றுவிட்டது. இருவருமாக ஒரு வாரம் தேய்த்துக் கழுவினார்கள். கடை திறந்த அன்று பதினான்கு பேர் வந்தார்கள். மூன்று கடை தள்ளித் தையல் கடை வைத்திருப்பவர் முதல் ஆளாக வந்து சுவரோர மேசையில் உட்கார்ந்தார்.

"பெரிய கம்பெனிய விட்டுட்டு வந்துட்டியேம்மா" என்றார்.

"கம்பெனி எங்கயும் போகாதுண்ணே. நீங்க சாப்பிடுங்க."

அவள் திறப்பு வழியாகப் பார்த்தாள். அவர் பிசைந்து ஒரு வாய் வைத்தார். மென்றார். கொஞ்சம் கூடுதலாக மென்றார். பிறகு தண்ணீர் எடுத்துக் குடித்தார். முகத்தில் எதுவும் தளரவில்லை. வயசாகிவிட்டது அவருக்கு, பல் சரியில்லாமலிருக்கும் என்று நினைத்தாள்.

தட்டுகள் திரும்பி வந்தபோது ஓரமாகச் சோறு ஒதுக்கப்பட்டிருந்தது.

இரண்டாம் வாரம் பத்துப் பேர். மூன்றாம் வாரம் எட்டு. அவள் அரிசியை மாற்றினாள். கறிக்காரரோடு சண்டை போட்டு வேறு கறிக்காரரைப் பிடித்தாள். கிணற்றுத் தண்ணீர் கடினமாக இருக்கிறதோ என்று வெளியிலிருந்து தண்ணீர் வரவழைத்தாள். ஒவ்வொரு முறையும் இறக்கும்முன் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு நின்றாள். சரியாக இருந்தது. எத்தனை முறை பார்த்தாலும் அவள் நாக்குச் சொன்னது அதைத்தான். பெரிய கூடத்தில் இரண்டாயிரம் பேருக்கு இறக்கியபோது இருந்த அதே பக்குவம், அதே ருசி.

"மீசை, ஒளிக்காம சொல்லுங்க. என்ன சொல்றாங்க?"

"ஒண்ணும் சொல்லலக்கா. நல்லவங்க. சொல்லாம வராம போயிடுறாங்க."

"நீங்க சாப்பிட்டீங்கல்ல. எப்படி இருக்கு?"

மீசை துண்டை உதறி மேசையைத் துடைக்கப் போனார். ஏற்கெனவே துடைத்த மேசைதான். "உங்க கையைப் பத்திச் சொல்ற அளவுக்கு எனக்கு வாய் இல்லக்கா" என்றார்.

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று பிற்பாடு தோன்றியது. அதனால் எதுவும் மாறியிருக்காது என்றும் தோன்றியது.

இரண்டாம் மாதம் ஒரு வேடிக்கை நடந்தது. மேசைகள் காலியாகக் கிடக்க, பார்சல் கூடிக்கொண்டே போனது. முதலில் நாலைந்து, பிறகு இருபது, அப்புறம் நாற்பது. பேருந்து நிலையத்து ஆட்கள், வங்கி ஊழியர்கள், தூரத்து மருந்துக்கடைக்காரர் என்று வரிசையாக வந்து வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டு போனார்கள். உள்ளே வந்து உட்காரச் சொன்னால் நேரமில்லை என்றார்கள். தையல்காரர்கூட பார்சலுக்கு மாறிவிட்டார்.

ஒருநாள் அவள் பொட்டலத்தைக் கொடுக்காமல் கையில் பிடித்துக்கொண்டாள். "ஏண்ணே, மூணு எட்டு வச்சா உங்க கடை. இங்கயே உக்காந்து சாப்பிட்டா என்ன? தட்டு கழுவுற வேலை எனக்கு மிச்சமாகட்டும்னா?"

தையல்காரர் சங்கடத்தோடு கழுத்திலிருந்த அளவு நாடாவைச் சரிசெய்தார். "கோவிச்சுக்காதம்மா. இங்க சாப்பிட்டா எனக்கு வயித்தக் கட்டிக்குது. சோறு வெரச்சாப்புல இருக்கு. கொண்டுபோய் வச்சுட்டு, கையில இருக்கிற தையல முடிச்சு, அர மணி முக்கா மணி கழிச்சுப் பிரிக்கிறேன் பாரு, அப்ப அமிர்தமா இருக்கு. அந்தக் காலத்துல நீ போட்டியே, அதே ருசி. ஏன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது."

அவள் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டாள். அவர் போன பிறகும் அங்கேயே நின்றாள். வரிசையில் அடுத்து நின்றவர் தொண்டையைக் கனைத்தார். மீசை வந்து அவளை விலகச் சொல்லாமல் விலக்கி, வேலையைப் பார்த்தார்.

கூட்டம் ஓய்ந்ததும் அவள் தனக்கென்று ஒரு பொட்டலம் கட்டினாள். மேசையில் வைத்து, எதிரே உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூரத்து மேசையில் மீசையும் உட்கார்ந்தார். நாற்பது நிமிடம் கழித்துப் பிரித்தாள். சோறு உதிராமலும் ஒட்டாமலும் மலர்ந்திருந்தது. குழம்பு சோற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. கறி விரல் பட்டதும் பிரிந்தது. கண்ணுக்கு எல்லாம் லட்சணமாக இருந்தது.

ஒரு வாய் வைத்தாள்.

குழைந்துபோயிருந்தது. தம்பி மனைவியின் சோறு மாதிரி. உப்பு மங்கி, காய் தளர்ந்து, வெந்து அலுத்துப்போன ஒன்று. இதைத்தான் தையல்காரர் அமிர்தம் என்கிறார். இதைத்தான் பதினோரு வருடங்களாக ஆயிரக்கணக்கானவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவி, யார் சமையல் என்று விசாரித்திருக்கிறார்கள். அவள் சமைத்ததை அவர்கள் சாப்பிடும் நிலையில் அவள் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. மூடி விழுகிற நேரத்து ருசியைத்தான் நாக்கு சரி என்று எழுதிவைத்துக்கொண்டிருக்கிறது. ஊசிமுனைக் கடினம், தூக்கலான உப்பு, நீர்த்த குழம்பு. அதைத்தான் கடைக்கு வந்தவர்கள் தட்டில் போட்டாள்.

அவள் அந்தப் பொட்டலத்தை முழுக்கத் தின்று முடித்தாள். பழகிக்கொள்ளலாம் என்று நினைத்தாளோ என்னவோ. முடித்ததும் போய் வாயைக் கொப்பளித்துத் துப்பினாள்.

மறுநாளிலிருந்து ருசி பார்த்தது மீசையின் நாக்கு. அடுப்புப் பக்கத்தில் அவரை நிறுத்தி, கரண்டியை நீட்டுவாள்.

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம்க்கா."

"இப்ப?"

"இன்னும் ஒரு கொதி விடலாம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கெட்டுப்போயிடப் போகுது."

"கெடலக்கா. இப்பத்தான் சாப்பாடா ஆகுது."

அவர் வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டார். இருவரும் அதைக் கேட்காத மாதிரி இருந்துகொண்டார்கள்.

மேசைகளில் ஆட்கள் உட்காரத் தொடங்கினார்கள். மூன்று மேசை, சில நாட்களில் நான்கு. ஒரு மதியம் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அந்தப் பெண் முதல் வாய் வைத்ததும் அவள் தோள்கள் இறங்கின. கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். இதற்காகத்தான் அக்கா பதினோரு வருடம் காத்திருந்தாள். திறப்பின் இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். அவளுக்குள் எதுவும் அசையவில்லை. தன் வாய்க்குக் குப்பையில் கொட்ட வேண்டிய ஒன்றை அந்தப் பெண் ரசித்துச் சாப்பிடுகிறாள். அவள் சாப்பிடுவது மீசையின் சமையல். நடுவில் கரண்டி பிடித்த கை மட்டும்தான் தன்னுடையது.

அதுவும் நிலைக்கவில்லை. கூட்ட நேரத்தில் மீசை மேசைகளுக்கு ஓட வேண்டியிருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் அவள் கை தானாகப் போய் அடுப்பை அணைத்துவிடும். பயந்துபோய் வேண்டுமென்றே விட்டுவைத்த இரண்டு நாள் அடிபிடித்தது. கடிகாரம் வைத்துப் பார்த்தாள். கடிகாரத்துக்கு அரிசி பழசா புதுசா என்று தெரியவில்லை. ஒருநாள் நன்றாகச் சாப்பிட்டுப் போனவர் மறுநாள் வந்து பாதியில் எழுந்து போனார். நாலு மேசை மறுபடி இரண்டானது.

கெடு முடிய ஐந்து நாள் இருக்கும்போது தம்பி வந்தான். கை கழுவிவிட்டு நடு மேசையில் உட்கார்ந்து, "போடுக்கா, பசி கொல்லுது" என்றான். மீசை பார்சல் வரிசையில் மாட்டிக்கொண்டிருந்தார். அவள் தன் கைக்கு வந்தபடியே இறக்கி, தன் கையாலேயே கொண்டுவந்து வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள்.

அவன் வேகமாகச் சாப்பிட்டான். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லை.

"இதுதான்க்கா. அச்சு அசல் உன் கை" என்றான். "அப்புறம் ஏன் ஆளுங்க வரமாட்டேங்குறாங்க? எனக்குப் புரியவே இல்ல."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு நாளும் மூடி விழும் நேரத்தில் பக்கத்தில் நின்று ஒரு வாய் பார்த்தவன். இந்தச் சோறு பிடிக்கிற நாக்கு உலகத்திலேயே இரண்டுதான்; இரண்டும் இந்த மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தன. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். சொன்னால் அவனும் இனி எதையும் நிம்மதியாகச் சாப்பிட மாட்டான். அவனுக்காவது ருசிக்கட்டும்.

தம்பிதான் தயங்கித் தயங்கி ஆரம்பித்தான். ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்திருப்பான் போலிருந்தது.

"கோவப்படாம கேளு. மேசைக்கு ஆள் இல்ல. ஆனா பார்சல் நாளைக்கு எழுபது, எண்பது போகுதுன்னு மீசை சொல்றாரு. அதை யாரு எதிர்பார்த்தா? நான் என்ன நினைக்கிறேன்னா, மேசைய எல்லாம் எடுத்துட்டு முன்னால ஒரு நீளமான கவுன்டர் போட்டுடலாம். வெறும் பார்சல். நாற்காலிய வேற எங்கயாவது பாத்துக்குறேன். இது ஓடுச்சுன்னா இதே மாதிரி நகரத்துல இன்னும் நாலு இடம் போடலாம். கடையும் இருக்கும், நீயும் இருப்ப."

"ம்."

"உக்காந்து சாப்பிடத்தான் யாரும் இருக்க மாட்டாங்க. அதுதான் உனக்கு..." அவன் முடிக்காமல் நிறுத்தினான்.

"எடுத்துக்கோடா" என்றாள்.

"யோசிச்சுச் சொல்லு. இன்னும் அஞ்சு நாள் இருக்கு."

"அஞ்சு நாள்ல என்ன ஆகிடப் போகுது? எடுத்துக்கோ."

அவன் சண்டைக்குத் தயாராக வந்திருந்தான். சண்டை வராததால் என்ன செய்வதென்று தெரியாமல், சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினான். முதலாளியான பிறகு முதல்முறையாக அவன் தட்டுக் கழுவுவதை மீசை வரிசையை விட்டுத் திரும்பிப் பார்த்தார்.

இரண்டு நாள் கழித்துச் சுமை ஆட்கள் மூன்று பேர் வண்டியோடு வந்தார்கள். மேசைகள் கதவுக்குள் நுழையவில்லை. உள்ளேயே வைத்துச் செய்த மேசைகள் அவை. கால்களைக் கழற்றிப் பலகையைச் சாய்த்துத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. தரையில் அவை இருந்த இடங்கள் மட்டும் வேறு நிறத்தில் தெரிந்தன. மீசை அவற்றையும் துடைத்தார், அந்த நிறம் போகவில்லை.

வேலை முடிந்ததும் ஆட்களில் மூத்தவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார். "அக்கா, சாப்பாடு இருந்தா குடுங்க. தரையிலயே உக்காந்து சாப்பிட்டுக்குறோம். சூடா இருக்கும்."

அப்போதுதான் இறக்கியிருந்தாள். அடுக்கிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுப் பார்த்தாள். பிரமாதமாக இருந்தது.

"இங்க வேணாம்" என்று மூன்று பொட்டலங்கள் கட்டத் தொடங்கினாள். "எடுத்துட்டுப் போங்க. போன உடனே பிரிக்காதீங்க. இறக்கவேண்டியதெல்லாம் இறக்கிவச்சுட்டு, அரை மணி நேரம் கழிச்சுச் சாப்பிடுங்க."

"எதுக்குக்கா? இப்பவே உயிர் போகுது."

அவள் முடிச்சை இறுக்கிக் கொடுத்தாள். அவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். வண்டி கிளம்பி, தெருமுனையில் திரும்பும்வரை சத்தம் கேட்டது. அதற்குள் அடுத்த வரிசை சேர்ந்திருந்தது.